எண்ணூர்த் தூசியை எதில் கலந்து சோதிப்பது?

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியலோ உயிர்த்தொழில்நுட்பமோ முதுகலை படிக்கிறவர்கள் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பல், மணலிச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் கரி, கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புழுதி எல்லாம் கேட்காமலே மொட்டை மாடிக்கு வந்துசேர்கின்றன. அதைக் கூட்டியெடுத்து, நுரையீரல் செல்களின்மீது விட்டு, எத்தனை செல்கள் செத்தன என்று கணக்குச் சொல்ல வேண்டும். தலைப்பு தயார், செல்களும் தயார். வேலை தொடங்கிய சில வாரங்களில் ஒரு மாணவியோ மாணவனோ வந்து நிற்பது வழக்கம்.

"சார், சீரம் சேர்த்தால் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேர்க்காவிட்டால் பெரும்பாலும் செத்துப்போகின்றன. எதை எழுதுவது?"

இரண்டையும் எழுதலாம், ஆனால் இரண்டுக்கும் ஒரே பொருள் கிடையாது. துகளை எந்தத் திரவத்தில் கலக்குகிறோம் என்பதிலேயே முடிவின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. கையில் இருக்கும் வழிகள் நான்கு: வெறும் வளர்ப்பு ஊடகம் (செல்களை வளர்க்கும் சத்துத் திரவம்), 10 சதவீதம் கன்றுச் சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த திரவம்) சேர்த்த ஊடகம், மனித பிளாஸ்மா (உறையவிடாத ரத்தத்தில் செல்களை நீக்கினால் மிஞ்சும் திரவம்), நுரையீரலின் உட்பரப்பில் படர்ந்திருக்கும் திரவம் அல்லது அதைப்போலச் செய்துகொண்ட கலவை. பெரும்பாலான ஆய்வேடுகளில் குளிர்பதனப் பெட்டியில் எது இருந்ததோ அதுதான் தேர்வு. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது.

துகள் அம்மணமாக இருப்பதில்லை

உயிர்த்திரவம் எதிலும் ஒரு நானோதுகளை, அதாவது 100 நானோமீட்டருக்கும் சிறிய துகளைப் போட்டால், அதன்மேல் புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. காரணம் எளிமையானது. துகள் சிறுக்கச் சிறுக்க எடையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு பெருகுகிறது, அந்தப் பரப்பில் ஆற்றல் மிச்சமிருக்கிறது, புரதங்கள் ஒட்டினால் அது தணிகிறது. எவ்வளவு நேரம் பிடிக்கும்? சிலிக்கா, பாலிஸ்டைரீன் துகள்களை மனித பிளாஸ்மாவில் போட்டு 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், அரை நிமிடத்துக்குள்ளேயே உறை உருவாகிவிட்டிருந்தது. அதில் ஏறக்குறைய 300 வகைப் புரதங்கள் அடையாளம் காணப்பட்டன. டப்ளின், லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் இந்த உறைக்கு 'புரோட்டீன் கரோனா' என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. இங்கே புரத உறை என்றே சொல்கிறேன்.

உறை ஒட்டியபடியே கிடப்பதும் இல்லை. ரத்தத்தில் ஏராளமாக இருக்கும் ஆல்புமின் முதலில் வந்து உட்காரும். எண்ணிக்கையில் குறைந்தாலும் பிடிப்பு மிகுந்த புரதங்கள் பிறகு வந்து அதை அப்புறப்படுத்தும். கண்ணாடி, உலோகத் தகடுகளின்மேல் இந்த இடமாற்றத்தை 1960-களிலேயே காட்டிய லியோ வ்ரோமன் பெயரால் இது வ்ரோமன் விளைவு எனப்படுகிறது. கடைசியில் துகளோடு இறுகிப்போன ஓர் உள் அடுக்கும், வருவதும் போவதுமாக ஒரு வெளி அடுக்கும் மிஞ்சும். செல் தடவிப் பார்ப்பது இந்த அடுக்குகளைத்தான். அடியில் இருப்பது சிலிக்காவா, கரியா, தங்கமா என்பது அதற்குப் பின்னால்தான் தெரியவரும்.

இதை நம்பாதவர்களுக்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. சிட்ரேட் முறையில் செய்த தங்கக் கூழ்மம் (நுண்ணிய தங்கத் துகள்கள் மிதக்கும் நீர்) திராட்சை ரசச் சிவப்பில் இருக்கும், 520 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். இரண்டு குழாய்களில் சம அளவு எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் சில சொட்டுச் சீரம் விட்டுக் குலுக்கி, சற்றுப் பொறுத்து இரண்டிலும் உப்புக் கரைசலை ஊற்றிப் பாருங்கள். சீரம் இல்லாத குழாய் கண்ணெதிரே ஊதாவாகி, நீலமாகி, பிறகு சாம்பல் நிறத்தில் அடியில் படிந்துவிடும். சீரம் விட்ட குழாய் சிவப்பாகவே நிற்கும். உப்பு, துகள்களின் மின்னூட்டத்தை மறைத்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. புரத உறை இருந்தால் அவை நெருங்க முடிவதில்லை. ரிச்சர்ட் சிக்மண்டி 1901-ல் இந்த நிறமாற்றத்தை வைத்துத்தான் 'தங்க எண்' என்ற அளவை உருவாக்கினார், 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசும் பெற்றார். கார்ல் லாங்கே 1912-ல் தண்டுவடத் திரவத்தைத் தங்கக் கூழ்மத்தில் கலந்து நரம்பு மண்டலச் சிஃபிலிஸைக் கண்டறியும் சோதனையைக் கொண்டுவந்தார். பெயர் வைக்கும் முன்பே மருத்துவம் இந்த உறையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் மாதிரியைப் பற்றி ஒரு வார்த்தை. நிலக்கரிச் சாம்பல் முழுவதும் நானோதுகள் என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். பெரும்பகுதி மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும் சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு உருண்டைகள். 100 நானோமீட்டருக்குக் கீழே இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. டீசல் கரி அப்படியல்ல, அதன் அடிப்படை மணிகளே 20, 30 நானோமீட்டர்தான். நம் நாட்டுக் காற்றுத்தர வரையறை 2.5 மைக்ரோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட துகள்களின் எடைக்கு 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டர் காற்றுக்கு 60 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது, இந்த மிகநுண் துகள்களின் எண்ணிக்கைக்கு எல்லையே வைக்கவில்லை. எடை போட்டால் அவை கணக்கிலேயே வருவதில்லை. செப்பாக்கத்துச் சாம்பல் குளத்திலிருந்து அள்ளியதா, உலர்சாம்பலா, மாடியில் படிந்ததா என்பதையும் எழுதிவிடுங்கள். குளத்துச் சாம்பலில் நீரில் கரையும் உப்புகள் ஏற்கெனவே கழுவிப்போயிருக்கும்.

வெறும் ஊடகம்

இதற்கு இருக்கும் ஒரே தகுதி, மலிவு. புரதம் இல்லாததால் கணக்கு எளிது என்று வாதிடுவார்கள். உண்மையில் சிக்கல் கூடுகிறது. ஊடகத்தில் உப்பு இருக்கிறது, தங்கக் கூழ்மத்துக்கு நடந்தது இங்கேயும் நடக்கிறது: துகள்கள் கொத்துக்கொத்தாகத் திரண்டு தட்டின் அடியில் விழுகின்றன. மில்லிலிட்டருக்கு இவ்வளவு மைக்ரோகிராம் என்று எழுதிய செறிவில் பாதி, செல்களின் தலையில் மண்மேடாகக் குவிந்திருக்கும். மீதி பிரிந்து நின்றாலும், ஒட்டுவதற்குப் புரதம் கிடைக்காத துகள் செல்லின் சவ்வையே பிடித்துக்கொள்கிறது. ஏ549 நுரையீரல் செல்களில் சிலிக்கா நானோதுகள்களைச் சோதித்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சீரம் இல்லாதபோது துகள்கள் சவ்வில் வலுவாக ஒட்டின, கூடுதலாக உள்ளே போயின, செல்களுக்கு ஏற்பட்ட சேதமும் கூடுதல்.

அப்படியென்றால் அந்தச் சாவு எதைச் சொல்கிறது? உறையற்ற துகள் சவ்வைக் கிழிக்கக்கூடியது என்பதைச் சொல்கிறது. எண்ணூரில் மூச்சு விடுகிறவருக்கு அதுதான் நடக்கிறது என்று சொல்லவில்லை, ஏனென்றால் உறையற்ற துகள் எந்த மனித நுரையீரல் செல்லையும் சென்றடைவதில்லை. இன்னொரு குறையும் உண்டு. சீரம் இல்லாமல் பட்டினி கிடக்கும் செல், துகள் இல்லாவிட்டாலும் வாடத்தான் செய்யும். கரி வகைத் துகள்கள் ஊடகத்தில் இருக்கும் ஃபோலிக் அமிலம் போன்ற சத்துகளையும் உறிஞ்சிக்கொள்வதால் பட்டினி இரட்டிப்பாகிறது. செல் விஷத்தால் செத்ததா, பசியால் செத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாளேட்டில் தலைப்புச் செய்தியாகும் 'சாம்பல் செல்களைக் கொன்றது' வகை முடிவுகள் இந்த வழியில் சுலபமாகக் கிடைக்கும். ஊர் மக்களுக்காக வழக்காடப் போகிறவர்கள் இதை நம்பி இறங்கினால், எதிர்த்தரப்பு நிபுணர் இரண்டு நிமிடத்தில் கிழித்துப் போட்டுவிடுவார்.

ஒப்பீட்டுக்கான அடிக்கோடாக இதை வைத்துக்கொள்ளலாம். முடிவாக வைக்கக் கூடாது.

கன்றுச் சீரம்

பசுவின் கருப்பையில் இருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. ஆய்வகங்களில் எஃப்.பி.எஸ். என்றால்தான் புரியும். செல் வளர்க்கும் எல்லா இடத்திலும் இது இருக்கும், ஊடகத்தில் 10 சதவீதம் சேர்ப்பது வழக்கம். துகள்கள் ஓரளவு பிரிந்து நிற்கும், செல்களுக்குப் பசி இருக்காது, மற்றவர்களின் முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலை அதிகம் என்றாலும் செல் வளர்ப்புக்கென்று எப்படியும் வாங்கியாக வேண்டும், தனிச்செலவு இல்லை.

ஆனால் இந்தச் சீரத்தில் என்ன இல்லை என்று பார்ப்பது முக்கியம். பசுவின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்புப்புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை. கன்று பிறந்து சீம்பால் குடித்த பிறகே அவற்றைப் பெறுகிறது. ஆகவே இந்தச் சீரத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப்புரதம் ஏறக்குறைய இல்லை. உறைந்த ரத்தத்திலிருந்து பிரித்தது என்பதால், ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் புரதமும் இல்லை. அதற்குப் பதிலாக, வளர்ந்த மனிதரின் ரத்தத்தில் அந்த அளவுக்கு இல்லாத ஃபெட்டுயின் என்ற கருவளர்ச்சிப் புரதம் நிறைய இருக்கிறது. விழுங்கும் செல்களுக்கு 'இதைத் தின்னு' என்று அடையாளம் காட்டுபவை ஐ.ஜி.ஜி.யும், காம்ப்ளிமென்ட் எனப்படும் ரத்தத்தின் தற்காப்புப் புரதங்களும்தான். அவற்றில் ஒன்று ஏறக்குறைய இல்லை. மற்றதை, சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கும் பழைய பழக்கத்தால் நாமே முடக்கிவிடுகிறோம். சூடாக்கிய சீரத்தில் உருவாகும் உறையும் சூடாக்காததில் உருவாகும் உறையும் ஒன்றல்ல, துகள் உள்ளே போகும் அளவும் மாறுகிறது என்பது அளந்து காட்டப்பட்ட விஷயம். உங்கள் ஆய்வகத்தில் சூடாக்குகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் மாணவருக்கே தெரியாமல் பாட்டில் வந்த அன்றே அது நடந்திருக்கும்.

செறிவும் ஒரு பிரச்சினை. மனித பிளாஸ்மாவில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் புரதம் இருக்கிறது. 10 சதவீதச் சீர ஊடகத்தில் அது ஏறக்குறைய 3, 4 கிராம். நீர்த்துப்போனால் உறை மெலிவதோடு நிற்பதில்லை, அதிலிருக்கும் புரதங்களின் விகிதமே மாறுகிறது. சிலிக்கா, பாலிஸ்டைரீன் துகள்களில் 2011-ல் இதைக் காட்டினார்கள். தட்டில் பாதுகாப்பாகத் தெரிந்தது உடலிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல இதனால் முடியாது.

மனித பிளாஸ்மா

மருந்து சுமக்கும் துகளைச் சோதிக்கிறவர் என்றால் இங்கேயே நின்றுவிடலாம், மற்ற மூன்றும் தேவையில்லை. ஊசி வழியாக ரத்தத்தில் நேராகப் போகும் துகளுக்கு முதல் சந்திப்பு பிளாஸ்மாதான். மருத்துவம் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்றது. புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் பிடிக்கட்டும் என்று துகளின்மேல் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தைப் பொருத்தி அனுப்பினால், ரத்தப் புரதங்கள் அதன்மேல் படிந்து முகவரியையே மறைத்துவிடுகின்றன. 2013-ல் இது சோதனையில் நிரூபணமானது. மறுபக்கம், உறையையே வேலைக்காரனாக்கிக்கொண்ட மருந்தும் உண்டு. அமெரிக்காவில் 2018-ல் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான் மருந்தின் கொழுப்புத் துகள் ரத்தத்தில் அபோலிப்போபுரோட்டீன்-ஈ புரதத்தைத் தானே பூசிக்கொள்கிறது. கல்லீரல் செல் அதைத் தனக்கு வரவேண்டிய கொழுப்பென்று எடுத்துக்கொள்கிறது. பாக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை ஆல்புமினோடு முன்கூட்டியே கட்டி அனுப்பும் வகை 2005-லேயே வந்துவிட்டது. வெள்ளி, தங்க நானோதுகள்களைப் புற்றுநோய் மருந்தாகப் பரிந்துரைத்து முடியும் நம் ஆய்வேடுகளில் பிளாஸ்மா என்ற சொல்லே இருப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எண்ணூர்த் தூசிக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும்? மூச்சில் போனவற்றில் மிகச் சிறிய பங்கே ரத்தத்துக்குள் கடக்கிறது. கடந்ததும்கூட நுரையீரலில் போர்த்திக்கொண்ட உறையோடுதான் வருகிறது. ஆகவே தூசிக்கு இது இரண்டாம் கட்டக் கேள்வி. இதயம், ரத்தக்குழாய் பக்கம் ஆய்வை நீட்டுகிறவர்களுக்கு மட்டும் உதவும். அவர்களுக்கு ஃபைப்ரினோஜன் முக்கியம். பாலிஅக்ரிலிக் அமிலம் பூசிய சிறு தங்கத் துகள்களில் அந்தப் புரதம் ஒட்டியதும் விரிந்து குலைந்து, உள்ளே மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே தெரிய, வெள்ளணுக்கள் அதைப் பிடித்து அழற்சியைக் கிளப்பின; இது 2011-ல் வெளியான முடிவு. துகளிடம் நச்சே இல்லாவிட்டாலும், புரதத்தைக் குலைத்தே கெடுதல் செய்ய முடியும். கன்றுச் சீரத்தில் இந்த ஆபத்து ஆயுளுக்கும் தெரியவராது.

கிடைப்பதுதான் பாடு. ரத்த வங்கியில் காலம் கடந்த பிளாஸ்மாவைக் கேட்கலாம். அரசு மருத்துவமனையாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் ஒரு சொட்டும் தரமாட்டார்கள், தரவும் கூடாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனை முடிந்த பையாக இருக்க வேண்டும். ஒருவருடைய பிளாஸ்மாவை மட்டும் எடுத்தால் அந்த ஒருவரின் உறைதான் கிடைக்கும். சர்க்கரை நோய், அதிகக் கொழுப்பு, கர்ப்பம் எல்லாமே ரத்தப் புரதங்களை மாற்றுகின்றன. பலருடையதைக் கலந்து ஒரே நாளில் சிறு குழாய்களாகப் பிரித்து உறையவைத்துக்கொள்வது நல்லது.

ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்திருக்கும் பொருளைக் கேட்காமல் வராதீர்கள். வங்கிப் பையில் சிட்ரேட் இருக்கும். அது கால்சியத்தைக் கட்டிவிடுவதால் காம்ப்ளிமென்ட் சரியாக வேலை செய்யாது. பரிசோதனைக்கூடத்து ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. இருக்கும். அது கால்சியத்தோடு நிற்காமல் சாம்பலில் இருக்கும் உலோகங்களையும் பிடுங்கிக்கொள்ளும். உலோகத்தால் வரும் நச்சை அளக்கப் போகிறவர் அந்த உலோகத்தையே வெளியேற்றிவிட்டு அளப்பதாக முடியும். பச்சை மூடிக் குழாயின் ஹெபாரின் தானே எதிர்மின்னூட்டம் மிகுந்த பொருள், துகளின்மீது புரதத்தோடு போட்டியிட்டு உட்காரும். மூன்றில் தூசிக்குக் குறைந்த தீங்கு சிட்ரேட் என்பது என் எண்ணம்.

நுரையீரல் திரவம்

மூச்சுச் சிற்றறைகளின் உட்சுவரில் மிக மெல்லிய ஒரு திரவப் படலம் இருக்கிறது. அதன் மேற்பரப்பில் மிதந்து, சிற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட்டில் ஏறக்குறைய 90 சதவீதம் கொழுப்பு, 10 சதவீதம் புரதம். கொழுப்பில் முதன்மையானது டி.பி.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாஸ்போலிப்பிட். புரதங்களில் எஸ்.பி.-ஏ, எஸ்.பி.-டி என்ற இரண்டு, கிருமியானாலும் தூசியானாலும் பிடித்துக்கொண்டு விழுங்கும் செல்களுக்குக் காட்டிக்கொடுப்பவை. சாம்பல் துகள் முதலில் மூழ்குவது இதில்தான். அதன் முதல் உறை கொழுப்பும் புரதமும் கலந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே தூசி ஆய்வில் என் ஓட்டு இதற்கு.

மூன்று விதமாக இதைப் பெறலாம். நோயாளிகளின் நுரையீரலை உப்புநீரால் கழுவி எடுக்கும் திரவத்தில் பரிசோதனை போக மிஞ்சியது ஒன்று. அசல் என்ற பெருமை இருந்தாலும் அது பல மடங்கு நீர்த்தது, நோயுள்ள நுரையீரலிலிருந்து வந்தது, நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். முதுகலை மாணவருக்கு இருக்கும் சில மாதங்களில் இது நடக்காது. இரண்டாவது, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பன்றி அல்லது மாட்டு சர்ஃபாக்டன்ட் மருந்து. காலாவதியான குப்பி கிடைத்தால் நல்லது, விலைக்கு வாங்குவது கட்டுப்படியாகாது. தயாரிப்பின்போது எஸ்.பி.-ஏ, எஸ்.பி.-டி இரண்டும் போய்விடுவதால் இதுவும் முழுமையானதல்ல.

மூன்றாவது, நாமே கலப்பது. அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நியாஷின் ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட செய்முறை எளிமையானது: பாஸ்பேட் உப்புக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம் ஆல்புமின், 0.01 மில்லிகிராம் டி.பி.பி.சி., கொஞ்சம் குளுக்கோஸ். அவர்கள் எலி ஆல்புமின் எடுத்தார்கள். செல் சோதனைக்கு மனித ஆல்புமினோ மாட்டு ஆல்புமினோ போதும். டி.பி.பி.சி. தண்ணீரில் கரையாது, எத்தனாலில் கரைத்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். பிறகு துகளைப் போட்டு அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்தால், வெறும் ஊடகத்தில் கரும்புள்ளிகளாக மிதந்த டீசல் கரி ஒரே சீரான சாம்பல் நிறப் பாலாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு கிராம் டி.பி.பி.சி. வாங்கினால் கணக்குப்படி நூறு லிட்டர் கலவைக்குக் காணும், துறை முழுவதும் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

கொழுப்பு உறை என்ன செய்யும் என்பதற்குக் குவார்ட்ஸ் தூசியில் நல்ல பாடம் இருக்கிறது. உறையற்ற குவார்ட்ஸ் சிவப்பணுக்களை உடைக்கும். டி.பி.பி.சி. பூசிய குவார்ட்ஸ் உடைப்பதில்லை. பாஸ்போலிப்பேஸ் என்சைம் கொண்டு பூச்சைச் செரித்துவிட்டால் பழைய குணம் திரும்புகிறது. விழுங்கிய செல்லுக்குள், அதன் செரிமானப் பையான லைசோசோமில் நடப்பது இதுதான். புரத உறைக்கும் இது பொருந்தும்: நேர்மின்னூட்டமுள்ள பாலிஸ்டைரீன் துகள்களைப் போர்த்தியிருந்த புரதம் லைசோசோமில் செரிந்து போகும்வரை செல்லைக் காத்தது, அதன் பிறகே சேதம் தொடங்கியது. ஆகவே 24 மணி நேரத்தில் 'பாதிப்பில்லை' என்று வந்தால் தட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 48, 72 மணி நேரமும் பாருங்கள். சீரம் சேர்த்தால் செல் பிழைக்கிறது என்று மாணவர்கள் காணும் முடிவு பல சமயம் தள்ளிப்போடப்பட்ட சாவாக இருக்கலாம்.

அளவுகோலே ஏமாற்றும் இடம்

எந்த வழியை எடுத்தாலும் ஒட்டும் குணம் நம் அளவீட்டையும் விடாது. செல் உடைந்தால் வெளியே கசியும் எல்.டி.எச். என்சைமை அளந்து சாவைக் கணக்கிடுகிறோம். அந்த என்சைமும் புரதம்தான், துகளில் ஒட்டிக்கொண்டு சென்ட்ரிஃபியூஜில் அடியில் போய்விட்டால் சாவே நடக்காததுபோல் எண் வரும். அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-8 கரித்துகளில் ஒட்டிக்கொள்வது பிரசித்தம். உயிரோடிருக்கும் செல்களை நிறத்தால் அளக்கும் எம்.டி.டி. சோதனையின் ஊதாப் படிகத்தைக் கரித்துகள் உறிஞ்சிக்கொள்வதும், கரியே ஒளியை மறித்து எண்ணைக் கூட்டுவதும் எதிரெதிர்த் திசைகளில் நடக்கும். தெரிந்த அளவு என்சைமைத் துகளோடு கலந்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத ஆய்வேட்டை நான் நம்புவதில்லை.

உறையைப் பிரித்துப் பார்க்கிறவர்கள், துகளே இல்லாத வெறும் சீரத்தையும் அதே வேகத்தில் சுழற்றி, அதே முறை கழுவி, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பக்கத்து வரிசையில் ஓடவிட வேண்டும். எப்பன்டார்ஃப் குழாயின் கூம்பில் கடுகளவு வெள்ளையாகத் தெரிகிற வண்டல், துகள் போடாத குழாயிலும் சில நேரம் தெரியும். அது சீரத்தில் தானாகத் திரண்ட புரதம். ஜெல்லில் 66 கிலோடால்டன் அருகே தடித்துத் தெரியும் ஆல்புமின் பட்டையில் எவ்வளவு துகளுடையது, எவ்வளவு வண்டலுடையது என்று இந்தப் பக்கத்து வரிசைதான் சொல்லும்.

வெளித்தூசியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சின். கொடுங்கையூர்ப் புழுதியில் அது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். சீரத்தில் இருக்கும் ஒரு புரதம் அதை ஏந்திப்போய்ச் செல்லிடம் கொடுப்பதால், சீரம் சேர்த்த தட்டில் அழற்சி கூடுதலாகத் தெரியும். துகளின் பழி என்று நினைத்தது கிருமியின் பழியாக இருக்கும். எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் பாலிமிக்சின்-பி சேர்த்து ஒரு வரிசை ஓட்டினால் பிரித்துவிடலாம்.

என் தேர்வு

தூசி ஆய்வு என்றால்: ஆல்புமினும் டி.பி.பி.சி.யும் கலந்த திரவத்தில் துகளைப் பிரித்து, அப்படியே அரை மணி நேரம் ஊறவிட்டு, 10 சதவீதக் கன்றுச் சீரம் உள்ள ஊடகத்தில் இருக்கும் செல்களின்மீது விடுவது முதன்மைச் சோதனை. அதே துகளை நேரடியாகக் கன்றுச் சீர ஊடகத்தில் கலந்து விடுவது இரண்டாவது வரிசை, மற்றவர்களோடு ஒப்பிட. வெறும் ஊடகம் மூன்றாவது, அடிக்கோடாக மட்டும். துகள் இல்லாமல் கலவை மட்டும் விட்ட வரிசை ஒன்றும் வேண்டும், டி.பி.பி.சி.யோடு வந்த எத்தனாலும் செல்லைத் தொந்தரவு செய்யும். பிளாஸ்மாவைத் தூசிக்காரர்கள் விட்டுவிடலாம். மருந்துத் துகள்காரர்களுக்குப் பிளாஸ்மா கட்டாயம், கன்றுச் சீரம் அதற்கு ஈடாகாது.

செல் விஷயத்திலும் ஒரு மாற்றம் சொல்வேன். புனே தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து எல்லோரும் வாங்கும் ஏ549 போதும் என்று நின்றுவிடாமல், விழுங்கும் செல் வகை ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். டி.எச்.பி.-1 என்ற மனித வெள்ளணு வகை நல்லது. சிற்றறைக்குள் விழுந்த தூசியை முதலில் எடுப்பவை அந்த வகைச் செல்கள்தான், உறையில் என்ன புரதம் இருக்கிறது என்று பார்த்துப் பசி எடுப்பவையும் அவைதான். ஏ549 நுரையீரல் புற்றிலிருந்து வந்தது, பெரிய விழுங்கி அல்ல.

காலக்கணக்கு: டி.பி.பி.சி.க்குக் கொள்முதல் படிவம் போட்டால் கல்லூரி அலுவலகத்தின் வேகத்தைப் பொறுத்து ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதனால் தலைப்பு உறுதியான வாரமே போட்டுவிடுங்கள். அது வரும்வரை தங்கக் கூழ்மச் சோதனையையும், எல்.டி.எச். மீட்புச் சோதனையையும், துகளில்லாச் சீர வண்டல் சோதனையையும் முடித்துவிடலாம், மூன்றுக்கும் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பிளாஸ்மா தேவைப்படுகிறவர்கள் நெறிமுறைக் குழு கூடும் தேதியை முதலில் விசாரியுங்கள். பல இடங்களில் மாதம் ஒருமுறைகூடக் கூடுவதில்லை, ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் பருவமே போய்விடும்.